குடலிறக்கமும் பள்ளிக்கூட வேனும்

ஜூலை 7, திங்கள்

விடியலிலிருந்து மழை. வேனில் வலது பக்க வைப்பர் ஓடவில்லை. அந்தப் பக்கம்தான் நான் உட்காருகிறேன். பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு புக்கிட் பெலிம்பிங் திரும்பும்வரை இடது பக்கம் சாய்ந்தே ஓட்டினேன். சாய்ந்தால் அது இன்னும் இறங்குகிறது.

வலி வரும்போதெல்லாம் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறார் கிளினிக்கில் ஊசி போடும் மிஸ்ஸி. முதல் வாரம் வலியை மட்டும் எழுதினேன். இப்போது மழை, வைப்பர், லெட்சுமி எல்லாம் சேர்ந்துகொள்கின்றன.

டாக்டர் சொன்ன பெயர் குடலிறக்கம். அடிவயிற்றில், வலப்பக்கம். மாவடுவாக ஆரம்பித்து இப்போது மாங்காய். படுத்தால் உள்ளே போகும். எழுந்தால் வெளியே வரும். இருமினால் எட்டிப் பார்க்கும். ஐம்பத்தாறு வயதில் உடம்புக்குள் இப்படி ஒரு குடித்தனக்காரன்.

ஆப்பரேஷன் 16ஆம் தேதி, புதன். பெரிய ஆஸ்பத்திரியில். அன்றே போய் அன்றே திரும்பலாமாம். இது எனக்குக் கிடைத்த மூன்றாவது தேதி. முதல் தடவை ஆப்பரேஷன் அறையில் ஏர்கோன் கெட்டுப்போனது. இரண்டாவது தடவை ஏதோ பஸ் விபத்து, டாக்டர்கள் எல்லோரும் அங்கே. இரண்டு தடவையும் பட்டினி கிடந்து, உடுப்பு மாற்றி, தலைக்குத் தொப்பி போட்டு, கட்டிலில் ஏற்றிவிட்டுப் பிறகுதான் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். மாப்பிள்ளை வேஷம் போட்டுப் போய்த் தாலி கட்டாமல் திரும்பி வருகிறேனாம். லெட்சுமி சொல்வது. முப்பது வருஷம் என்னோடு குடும்பம் நடத்துபவள், சொல்லட்டும்.

வலி: காலையில் கொஞ்சம். ரோட்டு மேடுகளில் அதிகம்.

ஜூலை 9, புதன்

நல்ல வெயில். வைப்பர் மாற்றியாயிற்று. இனி மழை வராது.

சாயங்காலம் கோயிலில் ஆடித் திருவிழாக் கூட்டம். பந்தல் போட யார் யார் வருகிறார்கள் என்று தலைவர் கேட்டார். முதுகுவலி என்று சொல்லலாம் என்றிருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து லெட்சுமியின் குரல். அவரால் எதையும் தூக்க முடியாது, குடல் இறங்கியிருக்கிறது, வலப்பக்கம். மைக் எதற்கு என்று தோன்றியது. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். முகத்தை அல்ல.

அதன் பிறகு கூட்டம் பந்தலை விட்டுவிட்டு என் வயிற்றுக்கு வந்தது. ஒருவர் சுங்கை செம்பிலாங் போய்க் கடல் தண்ணீரில் இடுப்பு முங்க நிற்கச் சொன்னார். ஒருவர் ஐம்பது காசை வைத்து இறுக்கிக் கட்டச் சொன்னார். பொருளாளருடைய மைத்துனர் உலு யாமில் உருவிவிடும் ஆளிடம் போனாராம், இந்தப் பக்கம் உள்ளே போய் அந்தப் பக்கம் வந்துவிட்டதாம்.

யோகராஜா சாரும் வந்திருந்தார். எஸ்டேட் செம்பனை எண்ணெய் மில்லில் என்ஜினியர். அவருடைய அப்பா இதே எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். யாழ்ப்பாணத்துக்காரர்கள், மெதுவாகப் பேசுவார்கள். என்னைத் தனியாகக் கூட்டிப்போய்த் தனக்கும் இதே வந்தது என்றார். போன மாதம். இடப்பக்கம். வெள்ளிக்கிழமை டாக்டரைப் பார்த்தார், சனிக்கிழமை தனியார் ஆஸ்பத்திரியில் முடிந்தது. கம்பெனி இன்சூரன்ஸ். மூன்று சின்ன ஓட்டை, உள்ளே கேமரா. இப்போது பேட்மிண்டன் ஆடுகிறார்.

"ஒண்டுக்கும் பயப்பிடாதேயும். சின்ன விசயம்."

சின்ன விசயத்துக்குப் போன தீபாவளியிலிருந்து காத்திருக்கிறேன். சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் சாப்பாடு எப்படி என்று மட்டும் கேட்டேன். மெனு கார்டு கொடுத்தார்களாம். இவர் மீன் எடுத்தாராம்.

படுத்த பிறகும் அந்த மெனு கார்டு கண்ணுக்குள்ளேயே நின்றது.

ஜூலை 11, வெள்ளி

மேகம். மழை இல்லை.

பிள்ளைகளை விட்டுவிட்டு எஸ்டேட் மண் ரோட்டில் வேனை நிறுத்தி, பின்பக்கம் மறைவாக நின்று பெல்ட்டைச் சரிசெய்தேன். வீக்கம் வெளியே வராமல் அழுத்திப் பிடிக்கும் பெல்ட். வெயிலில் அது ஒரு தண்டனை. திரும்பினால் செம்பனை மரத்தடியில் ரஃபிக் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ரஃபிக் பங்களாதேஷ்காரன். குலை வெட்டும் ஆள், முப்பது வயதுக்கு மேல் இருக்கும். குத்தகையாள் ஒருவர் மூலம் வந்த கூட்டம், எஸ்டேட்டுக் கொங்சி வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேராகத் தங்கியிருக்கிறார்கள். என்னைப் பார்த்துச் சிரித்தான். எனக்குக் கோபம். எழுந்து நின்று சட்டையைத் தூக்கிக் காட்டினான்.

வலப்பக்கம். அதே இடம். என்னுடையது மாங்காய் என்றால் அவனுடையது அரைத் தேங்காய்.

அதை வைத்துக்கொண்டுதான் நாள் முழுக்க நீண்ட கழியைத் தலைக்கு மேலே தூக்கிக் குலை வெட்டுகிறான். நானாவது உட்கார்ந்து செய்யும் தொழில். டாக்டரிடம் போனாயா என்று மலாயில் கேட்டேன். போனானாம். ஆப்பரேஷன் செய் என்றாராம். வெளிநாட்டுக்காரனுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியிலும் முழுக் கட்டணம், முன்பணம் முதலில். குத்தகையாள் கொடுக்க மாட்டார். பெர்மிட் முடிந்து ஊருக்குப் போய்ச் செய்துகொள் என்று சொல்லிவிட்டார். அதற்கு இன்னும் இரண்டு வருஷம்.

எனக்கு இரண்டு தடவை தேதி கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவனுக்கு ஒரு தேதிகூட இல்லை. நிறுத்திக்கொண்டேன்.

அவன் சைக்கிள் டியூபை வெட்டி இடுப்பில் கட்டியிருக்கிறான். என் பழைய பெல்ட் ஒன்றைக் கொடுத்தேன். பதிலுக்கு ஒரு முழ டியூப் கொடுத்தான். டியூப்தான் நன்றாகப் பிடிக்கிறது.

வலி: இல்லை. டியூப்.

ஜூலை 14, திங்கள்

தூறல்.

இந்த வாரக் கடைசிவரை பிள்ளைகளை ஏற்றிக்கொள்ள இன்னொரு வேன்காரரிடம் பேசியாயிற்று. புதன்கிழமை நானே ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போவது, திரும்பும்போது லெட்சுமி ஓட்டுவது. அவளுக்கு லைசென்ஸ் உண்டு. நான்தான் இதுவரை சாவியைக் கொடுத்ததில்லை. அவளுக்கு அது ஆப்பரேஷனைவிடப் பெரிய விஷயமாக இருக்கிறது. நேற்றிலிருந்து வேன் கண்ணாடியைத் துடைக்கிறாள்.

பயமாக இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்படியானால் ஏன் சாமி மேடையில் மூன்று தடவை கற்பூரம் ஏற்றினீர்கள் என்றாள்.

ஜூலை 16, புதன்

மாலையில் எழுதுகிறேன். வீட்டில். ஆமாம், வீட்டில்தான்.

நேற்று இரவிலிருந்து பட்டினி. காலையில் புறப்பட்டு வேனில் ஏறும்போது போன். எஸ்டேட்டில் வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் சின்னையா.

"அண்ணே, ரஃபிக்கு தரையில விழுந்து கெடக்கான். ஒரே வாந்தி. அந்த வீக்கம் கல்லு மாதிரி ஆயிருச்சி, உள்ள போவ மாட்டேங்குது. ஆம்புலன்ஸ் எல்லாம் வெளிய போயிருக்காம். ஒங்க வேன விட்டா வேற வண்டி இல்ல."

குத்தகையாளுக்குப் போன் போட்டாயா என்றேன். போனை அடைத்து வைத்திருக்கிறாராம். இன்றைக்கு எனக்கு ஆப்பரேஷன் என்றேன்.

"எஸ்டேட்டு வழியா போங்க," என்றாள் லெட்சுமி. "போற வழிதான."

போகிற வழி இல்லை. அவளுக்கும் தெரியும்.

பின் சீட்டில் படுக்க வைத்தோம். பிள்ளைகள் ஒட்டிய பூனைப் படங்களுக்குக் கீழே ரஃபிக், கால் இரண்டும் மடங்கி, முகம் சாம்பல் நிறம், கையில் சின்னையா கொடுத்த வாளி. ரோட்டில் மேடு வரும்போதெல்லாம் பின்னால் அவன் முனகினான், முன்னால் நான் முனகினேன். இரண்டு பேரும் பஜனையா பாடுகிறீர்கள் என்று லெட்சுமி கேட்டாள். ஆனால் திரும்பி உட்கார்ந்து வழி முழுக்க அவன் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

அவசரப் பிரிவு டாக்டர் தொட்டுப் பார்த்த உடனேயே தள்ளு கட்டிலைக் கொண்டுவரச் சொன்னார். குடல் வெளியே மாட்டிக்கொண்டது, இரத்தம் ஓடவில்லை, உடனே வெட்டித் திறக்க வேண்டும். கவுண்டரில் இருந்த அம்மா கெட்டவர் இல்லை. டாக்டர்கள் ஆப்பரேஷனை நிறுத்த மாட்டார்கள், அதைப் பற்றிக் கவலை வேண்டாம் என்றார். ஆனால் வெளிநாட்டு ஆள், முதலாளி யார், யார் பொறுப்பு, யாராவது கையெழுத்துப் போட வேண்டும். என்னைப் பார்த்தார். நான் இவனுக்கு யார்? பள்ளிக்கூட வேன்.

குத்தகையாள் போன் இன்னமும் அடைத்தே கிடந்தது. லெட்சுமி என் போனைப் பிடுங்கி யோகராஜா சாருக்குப் போட்டாள். அவர் பொறுமையாக விளக்கியிருக்கிறார் போலிருக்கிறது. தான் மில் பக்கம், ரஃபிக் தோட்டத்துப் பக்கம், அதுவும் குத்தகையாளுடைய ஆள், கம்பெனி ஆளே இல்லை. லெட்சுமி கடைசிவரை கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"சார், ஒங்களுக்கு வந்த அதே வீக்கந்தான். ஒங்களுக்கு மறுநாளே செஞ்சிட்டாங்க. இவன் அதே எஸ்டேட்டுலதான் வேல செய்யிறான். இப்ப கண்ணு சொருகுது."

கத்தவில்லை. கோயிலில் பேசியதைவிட மெதுவாகத்தான் பேசினாள்.

"ஓம், வாறன்," என்றாராம் யோ. சார். மில் பூட்சோடு, தலையில் மஞ்சள் தொப்பியோடு வந்து சேர்ந்தார். கம்பெனி பேரில் கையெழுத்துப் போட்டார். யாரைக் கேட்டுப் போட்டார் என்று தெரியவில்லை. யாரையும் கேட்கவில்லை என்று அவர் முகத்திலேயே இருந்தது.

அதன் பிறகு நான் மாடியில். பின்னால் முடிச்சுப் போடும் உடுப்பு, தொப்பி, கட்டில். மாப்பிள்ளை தயார். ஆப்பரேஷன் செய்யும் டாக்டர் வந்தார். சின்ன வயது மலாய்ப் பெண், மாமா முறை வைத்து என்னைப் பாச்சிக் என்பார். மன்னிக்க வேண்டும் பாச்சிக், இன்றைக்கு உங்களுக்குச் செய்ய முடியாது, அவசரமாக ஒரு ஆள் வந்துவிட்டார், யாரோ பள்ளிக்கூட வேனில் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள்.

அந்த வேன் என்னுடையது என்றேன்.

டாக்டர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்தினார். என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு ஓடினார்.

கோபம் வந்தது. எழுதாமல் விட்டால் பொய். ஆனால் யார் மேல்? ரஃபிக் மேல் இல்லை. டாக்டர் மேலும் இல்லை. உட்கார இடம் தேடும் ஆள் மாதிரி அந்தக் கோபம் வார்டு முழுக்கச் சுற்றிவிட்டு என்னிடமே திரும்பி வந்தது. கொஞ்ச நேரத்தில் அதற்கு அடியில் வேறொன்று இருப்பது தெரிந்தது. இன்றைக்கு என்னை வெட்டப் போவதில்லை. அப்பாடா.

கேண்டீனில் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, இரண்டு பொட்டலம். யோ. சார் வாங்கிக் கொடுத்தார். மெனு இல்லை.

ரஃபிக்குக்கு ஒரு துண்டுக் குடலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. மத்தியானம்வரை விட்டிருந்தால் ஆள் இருந்திருக்க மாட்டான் என்று டாக்டர் லெட்சுமியிடம் சொன்னாராம். திரும்பும்போதும் வேனை நானே ஓட்டினேன். எனக்குத்தான் ஒன்றும் நடக்கவில்லையே.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. கோயிலில் கூழ். இரண்டு குவளை.

வார்டில் ரஃபிக்கைப் பார்த்தோம். மூக்கில் ஒரு குழாய், கையில் ஒன்று. எங்களைப் பார்த்ததும் போனை எடுத்து ஊரில் இருக்கும் பெண்டாட்டியைக் கூப்பிட்டு, என் முகத்துக்கு நேராக நீட்டினான். அந்தப் பெண் வங்காளத்தில் பேசினாள். நான் மலாயில் பேசினேன். லெட்சுமி தமிழில் பேசினாள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்தப் பெண் அழுதாள், அப்புறம் ஏதோ கேட்டாள், ரஃபிக் சிரிக்க முயன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டான். என்ன கேட்டாள்? போஸ், அதாவது நான், எப்போது வெட்டிக்கொள்வார் என்று கேட்டாளாம்.

பங்களாதேஷ்வரை போய்விட்டது என் வீக்கம்.

குத்தகையாள் இன்றைக்குத்தான் வந்தார். போன் கெட்டுப்போயிருந்ததாம், சரியாகிவிட்டதாம். ரஃபிக் நடக்க ஆரம்பித்ததும் ஊருக்கு அனுப்பிவிடுவேன், வேலை செய்யாத ஆளை வைத்து என்ன பண்ணுவது என்றார். யோ. சார் அங்கேதான் இருந்தார். கையெழுத்துப் போட்டது நான், ஆள் தேறும்வரை இங்கேதான் இருப்பான், நாற்றுப் பண்ணையில் தண்ணீர் ஊற்றட்டும் என்றார். மெதுவாகத்தான் சொன்னார். குத்தகையாள் போய்விட்டார். பில்லை யார் கட்டுவது என்று மேலிடத்தில் யோ. சாரிடம் கேள்வி மேல் கேள்வி. அவர் எங்களிடம் வாயைத் திறக்கவில்லை, மில் ஆள் ஒருவர் சொன்னது.

ஜூலை 22, செவ்வாய்

ஆஸ்பத்திரியிலிருந்து போன். புதுத் தேதி அக்டோபரில். சரி என்றேன். லெட்சுமி என்னைப் பார்த்த பார்வை சரியில்லை.

வலி: மேடுகளில். டியூப் தளர்ந்துவிட்டது.

ஜூலை 24, வியாழன்

மறுபடியும் போன். நாளைக்கு ஆப்பரேஷன் இருந்த ஒருவர் பயந்துகொண்டு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். நீங்கள் வருகிறீர்களா பாச்சிக்? அதே டாக்டர். என்னை ஞாபகம் வைத்திருக்கிறார்.

முகம் தெரியாத அந்தப் பயந்தாங்கொள்ளிக்கு நன்றி. நானும் உங்கள் கட்சிதான். ஆனால் என் வீட்டில் லெட்சுமி இருக்கிறாள்.

ஜூலை 26, சனி

முடிந்தது. உண்மையாகவே.

நேற்று முதுகுத்தண்டில் ஒரு ஊசி. இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. காலைத் தூக்கி வைத்தபோது யாருடைய கால் என்று கேட்கத் தோன்றியது. நெஞ்சுக்கு முன்னால் பச்சைத் திரை. முழு நினைவு. அந்தப் பக்கம் என்னை வெட்டுகிறார்கள், இந்தப் பக்கம் நான் மேலே விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

டாக்டரும் இன்னொருவரும் ஜெராமில் சுட்ட மீன் எங்கே நன்றாக இருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். இன்னொருவர் சொன்ன கடை தப்பு. அங்கே மீன் பழசு. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. திரைக்கு இந்தப் பக்கமிருந்து, அங்கே போகாதீர்கள் என்றேன்.

பயந்துவிட்டார்கள் போல. பிறகு, எங்கே போவது பாச்சிக் என்று டாக்டர் கேட்டார். சொன்னேன். சிக்னலில் இடது, பாலத்துக்கு முன்னால் வலது, வாசலில் நீலத் தகரம், கடைக்காரியிடம் பள்ளி வேன் அனுப்பியது என்று சொல்லுங்கள். நீலத் தகரத்துக்கு வருவதற்குள் தையல் முடிந்துவிட்டது.

வீட்டுக்கு லெட்சுமி ஓட்டினாள். நான் பின் சீட்டில், பூனைப் படங்களுக்குக் கீழே. ஒரு மேடுகூட எனக்குத் தெரியவில்லை. என்னைவிட நன்றாக ஓட்டுகிறாள். சொல்லவில்லை. வலி மருந்து வேலை செய்கிறது என்று சொன்னேன்.

ஜூலை 29, செவ்வாய்

வெயில். தூக்கக் கூடாது. இருமக் கூடாது. சிரிக்கக் கூடாது.

யோ. சார் மைலோ மாவு டின்னோடு வந்தார். தையலைப் பார்த்தார். தன் மூன்று ஓட்டையையும் காட்டினார். என்னுடையது விரல் நீளத்துக்கு இருக்கிறது. வாழ்க்கையில் அவரை நான் முந்தியது இந்த ஒன்றில்தான். பில்லில் பாதியைக் கம்பெனி கட்ட ஒத்துக்கொண்டதாம். மீதியைக் குத்தகையாளிடம் பிடிக்கப் பார்க்கிறார்கள். ரஃபிக் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறாராம். வைப்பார்களா? தெரியாது என்றார். இவ்வளவு படித்த மனுஷன் தெரியாது என்று சொல்லிக் கேட்டது இதுதான் முதல் தடவை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலையில் மழை, பிறகு விட்டுவிட்டது. வாசல்வரை நடந்தேன்.

பத்து மணி வாக்கில் ரஃபிக். இடுப்பில் ஒரு கை, இன்னொரு கையில் பப்பாளி. நானும் இடுப்பில் கை வைத்துக்கொண்டுதான் கதவைத் திறந்தேன். இரண்டு பேரும் ஒரே மாதிரி கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்து நின்றோம். லெட்சுமி சமையல்கட்டுக்குள் ஓடிவிட்டாள். எனக்குச் சிரிக்க அனுமதி இல்லை, அவளுக்கு உண்டு.

நாற்றுப் பண்ணை வேலை பரவாயில்லையாம். வெயில் குறைவாம். ஊருக்கு அனுப்புவது பற்றி இதுவரை யாரும் பேச்சு எடுக்கவில்லையாம்.

அவனுக்குப் பின்னால் இன்னொரு ஆள், செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான். கொங்சியில் கூட இருப்பவனாம், பெயர் ஆலம். உள்ளே வா என்றேன். ரஃபிக்கின் முகத்தைப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சட்டையைத் தூக்கினான்.

இடப்பக்கம். எலுமிச்சை அளவு.

இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள், நான்தான் டாக்டர் மாதிரி. இருமச் சொன்னேன். இருமினான். எட்டிப் பார்த்தது. அழுத்தினால் உள்ளே போகிறதா? போகிறது. குத்தகையாளுக்குத் தெரியுமா? ஆலம் தலையை வேகமாக ஆட்டினான். தெரியக் கூடாதாம். வெடித்துவிடுமா என்று மட்டும் கேட்டான்.

வெடிக்காது என்றேன். வேறென்ன சொல்வது? ரஃபிக் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

லெட்சுமி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். சிரிப்பு போய்விட்டிருந்தது. குனிந்து பார்த்தாள். எவ்வளவு நாளாக என்று கேட்டாள். போன நோன்பு மாதத்திலிருந்து. மேசையிலிருந்து என் போனை எடுத்தாள். முதல் தடவை மணி அடித்து நின்றது. மறுபடியும் போட்டாள்.

"சார், லெட்சுமி பேசுறேன். இல்ல சார், இவருக்கு நல்லா இருக்கு. இது இன்னொருத்தரு."